நொய்யலோரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரி

போன வாரம் பினாங்கில் ஒரு பெரிய துணிக்கடையில் என் மகள் ஒரு பனியனை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு. என் வயதுக்கு இதெல்லாம் எதற்கு என்று தள்ளப் போனபோது கழுத்துப் பட்டையில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. பச்சை இலை ஒன்று, அதன் கீழே நீல அலை ஒன்று. 'இந்த உடை ஆறுகளை நேசிக்கிறது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது. கை தானாகவே பக்கத் தையலைப் பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனது. "கையும் உடம்பும் ஒரே லாட் இல்லை, வேறு வேறு தடவை போட்ட சாயம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு மூக்கில் வைத்து முகர்ந்தேன். ஆமாம், கடைக்கு நடுவில் நின்றுகொண்டு. வினிகரும் சோப்பும் கலந்த அந்த மெல்லிய புளிப்பு வாடை வந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அட்டையைப் பிய்த்துக் கசக்கிவிட்டேன். பிய்த்த பிறகு வாங்காமல் இருக்க முடியுமா? மகள்தான் பணம் கட்டினாள்.

"ஒரு சட்டை மேல் இவ்வளவு ஆத்திரமா அம்மா?" என்று வரும் வழியெல்லாம் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. எனக்கு இருபத்தாறு வயது. வெளிநாட்டுக் கடைகளுக்கு ஆடை வாங்கிக் கொடுக்கும் சிங்கப்பூர் ஏஜென்சி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். திருப்பூரில் நிரந்தரமாகத் தங்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஏஜென்சியில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "உனக்கு என்ன, சொந்த ஊருக்குப் போகிறாய்" என்று வாழ்த்தி அனுப்பினார்கள். எங்கள் தாத்தா கப்பலேறியது எந்த ஊரிலிருந்து என்று என் அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. ஆனாலும் நான் சொந்த ஊருக்குப் போவதாகவே நம்பினேன். விமானத்தில் லேசாக அழுதுகூட இருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வந்த முதல் வாரமே அந்த நம்பிக்கை போயிற்று. வெளிநாட்டவர்கள் போலீசில் பதிவு செய்ய வேண்டும். அப்போது திருப்பூர் தனி மாவட்டம் இல்லை, எல்லாவற்றுக்கும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே மேசையில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்லாத் தமிழ் பேசறீங்க. அப்புறம் எப்படிங்க வெளிநாடு?"

"பிறந்ததே மலேசியாவில்தான் சார்."

"அப்ப நீங்க யாருங்க?"

அவர் கேலி செய்யவில்லை, படிவத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் கேட்டார். இந்தக் கேள்வி நான் அங்கே இருந்த நான்கு வருடமும் தொடர்ந்தது. கொங்குநாட்டில் ஓர் ஆளைத் தெரிந்துகொள்ள முதலில் ஊர் கேட்பார்கள், அடுத்து என்ன கூட்டம் என்று குலம் கேட்பார்கள். நான் விவரம் புரியாமல் "கூட்டமெல்லாம் இல்லைங்க, நாங்கள் வீட்டில் ஐந்து பேர்தான்" என்று சொல்லி ஒரு கல்யாண வீட்டையே சிரிக்க வைத்திருக்கிறேன். தெருப் பிள்ளைகளுக்கு நான் மலேசியாக்கா. வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் வந்தால் கோயமுத்தூரில் ஏசி ஓட்டலில் தங்கிவிட்டு, காரில் வந்து, காரில் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர்கூட பாட்டிலில் வரும். ஊருக்குள் குடியிருந்த வெளிநாட்டுக்காரி நான் மட்டும்தான், அதுவும் உள்ளூர் சம்பளத்துக்குக் கிடைத்த வெளிநாட்டுக்காரி.

வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர், "ஆத்தோரமுங்க, நல்லாக் காத்து வருமுங்க" என்றார். ஆற்றங்கரை வீடு என்றதும் நான் மயங்கிவிட்டேன். மாடிப் போர்ஷன். பின்பக்கக் கதவைத் திறந்தால் நொய்யல். முதல் நாள் திறந்தபோது ஆறு ஊதா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. உண்மையாகவே ஊதா. மூன்றாம் நாள் பச்சை. காற்றும் வரத்தான் செய்தது. அது வந்ததும் கதவைச் சாத்தினேன், அதற்குப் பிறகு அந்தக் கதவில் கொடி கட்டித் துணி காயப்போட்டேன். பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது பேச்சு நிற்காமலே எல்லாருடைய கையும் மூக்குக்குப் போகும், இறங்கியதும் கீழே வரும். அந்த ஊரில் யாரும் அதை ஒரு விஷயமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த வருடம் ஐரோப்பாவில் என்ன நிறம் உடுத்தப் போகிறார்கள் என்பது பாரிசுக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பின்கதவுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர்கள் கீழே இருந்தார்கள். சரசக்காவுக்கு என்னைவிட எட்டொன்பது வயது மூப்பு இருக்கும். உரக்கச் சிரிப்பார், டிவியில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவார், மொபெட் ஓட்டுவார். அவருடைய வீட்டுக்காரர் சின்னச்சாமி ஆற்றோரமாகவே ஒரு மைல் தள்ளிச் சாயப்பட்டறை வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு பொட்டுச் சாயம் அவர் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. நான் தரம் பார்க்கும் கம்பெனிகள் இரண்டு அவரிடம்தான் துணிக்குச் சாயம் போட்டன. வாடகைக்கு வந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. பகலில் அவருடைய துணியை நான் நிராகரிப்பேன், சாயங்காலம் அவருடைய வீட்டுக் காப்பியைக் குடிப்பேன். அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மனுஷர் அவ்வளவு மரியாதை.

என் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. வாடிக்கையாளர் உள்ளங்கை அளவு துணி ஒன்று அனுப்புவார். சாயம் போட்டு வரும் ஆயிரம் கிலோ துணியும் அந்த உள்ளங்கைத் துணி போலவே இருக்க வேண்டும். சாம்பல் நிற உள்பூச்சு பூசிய ஒரு பெட்டிக்குள் இரண்டையும் வைத்து, விதவிதமான விளக்குகளைப் போட்டுப் பார்ப்பேன். ஓர் இழை நீலம் கூடியிருந்தால் "மறுசாயம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான். போட்ட சாயத்தை ரசாயனம் ஊற்றி உரித்து, அலசி, மறுபடியும் போடுவார்கள். எனக்குக் கூர்மையான கண். சிங்கப்பூரில் அதற்குப் பாராட்டுக் கடிதமெல்லாம் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியவள் நான், அந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உரித்த சாயம் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. பின்கதவைத்தான் சாத்தியாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமைகளில் சரசக்கா என்னை மொபெட்டில் ஏற்றித் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவார். ஆற்றோடு கிழக்கே பத்துப் பன்னிரண்டு மைல். அங்கே அவருடைய அண்ணன் பொன்னுசாமி இருந்தார். தென்னையும் மஞ்சளும், நான்கு எருமைகள், வாய்க்காலை ஒட்டி ஒரு பெரிய கிணறு. கல் படி இறங்கிப் போய்க் கையால் அள்ளிக் குடிக்கலாம். திருப்பூரில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிப் பூட்டுப் போட்டு வைத்திருப்போம். அதனால் அந்தக் கிணற்றைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பொறாமை. அண்ணன் அதிகம் பேசமாட்டார். போனதும் இளநீர் வெட்டுவார், கிளம்பும்போது ஒன்று வெட்டுவார்.

"இந்தத் தண்ணியத்தானுங்க என்ற தெரட்டிக்கு ஊத்துனாங்க" என்று அக்கா ஒருமுறை கிணற்றடியில் நின்று சொன்னார். பெண் வயதுக்கு வந்தால் செய்கிற சீர்தான் தெரட்டி. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தலைக்கு ஊற்றும் முதல் தண்ணீர் அவளுடைய தாய் பிறந்த வீட்டுக் கிணற்றிலிருந்து வர வேண்டும். தாய்மாமன் மூன்று பித்தளைக் குடத்தில் கொண்டுவருவார். அக்காவுக்கு அவருடைய அம்மாவின் பிறந்த ஊரிலிருந்தும் வந்தது, போதாதென்று சொந்தக் கிணற்றிலிருந்தும் எடுத்து ஊற்றினார்களாம். "எங்க கவிதாவுக்கும் அண்ணன்தானுங்க கொண்டாரோணும்" என்றார். கவிதா அவருடைய மகள், அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்தாள்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீரில் உப்புக் கரித்தது. நான் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குடித்து முடித்தேன். அடுத்த மாதம் மஞ்சள் இலைகளின் ஓரம் கருகியிருந்தது. எருமை தொட்டியில் வாய் வைத்து, எடுத்து, மூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு நிறம். அழுக்கு என்று சொல்லலாம், நிழல் என்று சொல்லலாம். என் கண்ணுக்கு அது நிறம்தான்.

அன்றைக்குச் சரசக்கா உள்ளே அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார். பொன்னுசாமி அண்ணன் என்னைத் தென்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. இந்தச் சாயத்தண்ணியப் பத்தி நீங்க மாப்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாமே அண்ணா?"

"பொண்ணு குடுத்த ஊடுங்க. நாங்க கொரல் ஒசத்தப்படாதுங்க. சரசுகிட்டச் சொன்னா அது போய்ச் சண்டை கட்டும், அது குடும்பத்துக்குள்ள ஆகாதுங்க. நீங்க வெளியாளு. நீங்க சொன்னா யாருக்கும் ஒண்ணுமில்லீங்க."

கிணறு போனால் அவருக்கு எல்லாமே போயிற்று. அதைச் சொல்லும்போதுகூட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மரியாதை வைத்துத்தான் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்துக்கலாமுங்க அண்ணா" என்றேன்.

இந்த வார்த்தையைப் பற்றி எனக்குத் தனியாகவே கோபம் இருக்கிறது. அந்த ஊருக்கு வந்து நான் தட்டுத்தடுமாறாமல் சொல்லப் பழகிய முதல் உள்ளூர் வார்த்தை அதுதான். துணி எப்போது வரும்? பாத்துக்கலாமுங்க. ஆற்றில் விடாமல் சுத்தம் செய்ய ஏதாவது கட்டக் கூடாதா? பாத்துக்கலாமுங்க. கையைக் கட்டி, தலையைச் சற்றுச் சாய்த்து, இரண்டு பேரும் சிரித்து, யாரும் எதையும் பார்க்காமல் எழுந்து போய்விடலாம். அங்கே ஒருவரும் ஒருவரைத் திட்டிக்கொள்ளவே இல்லை. அவ்வளவு பண்பாக ஓர் ஆற்றைக் கொன்றார்கள். நானும் அதில் தேறிவிட்டேன். சொந்த ஊர் என்று வந்தவளுக்கு, கேட்க வேண்டிய நேரத்தில் மட்டும், நான் வெளிநாட்டுக்காரி, எனக்கெதற்கு வம்பு என்று தோன்றியது. விசா நீட்டிக்கக் கம்பெனிக் கடிதம் வேண்டும், குடியிருக்க அவர் வீடு வேண்டும். சாக்குக்கா பஞ்சம்?

ஒரே ஒருமுறை வாய் திறந்தேன். அப்போது ஒரு சிவப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் அதற்கு வைத்த பெயர் காட்டுச் செர்ரி. அந்தப் பழத்தை அவர்கள் ஊரில் யாராவது பார்த்திருப்பார்களோ என்னவோ, திருப்பூரில் யாரும் பார்த்ததில்லை. சின்னச்சாமி போட்ட முதல் சாயத்தில் நீலம் கூடுதல், நிராகரித்தேன். இரண்டாவதில் நீலம் குறைவு. பட்டறையில் அவர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "கீழ்ப்பக்கம் கிணறெல்லாம் நிறம் மாறுதாம்ல" என்றேன். பொன்னுசாமி அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. அந்த அளவுக்குத்தான் வீரம்.

அவர் கோபப்படவில்லை. டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"அம்மணி, இது நூறு கிலோவுக்கு எவ்வளவு தண்ணி குடிக்குமுன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? நீங்க மொதல் தடவையே சரீன்னு எழுதியிருந்தா அந்தத் தண்ணி இன்னேரம் ஆத்துல இல்லீங்க. ரெண்டாவது தடவை எழுதியிருந்தாலும் இல்லீங்க. நானா உரிக்கச் சொல்றேன்? எனக்கு ரெண்டு செவப்பும் ஒண்ணாத்தானுங்க தெரியுது."

அவர் சொன்னதில் பாதி தப்பித்தல், அது எனக்குத் தெரியும். சுத்தம் செய்யத் தொட்டி கட்டாதது நானா? மழை வந்தால் சந்தடிசாக்கில் மதகைத் திறந்துவிடச் சொன்னது நானா? ஆனால் மீதிப் பாதி உண்மை. அந்த இரண்டு சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் உலகத்தில் எனக்கும் அந்த விளக்குப் பெட்டிக்கும் மட்டும்தான் தெரியும். உடுத்துகிறவளுக்குத் தெரியாது. மறுசாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீயையும் குடித்தேன்.

அந்த வாரம் மழை கொட்டியது. அந்த மழைக்குள்தான் கவிதா வயதுக்கு வந்தாள்.

சீர் நாளன்று மழை விட்டிருந்தது. வாசலில் பந்தல், வாழைமரம், மேளம். கோயமுத்தூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம், வந்து இறங்கியது. சரசக்கா சந்தன நிறப் பட்டு கட்டியிருந்தார். காலை ஒன்பது மணிக்குள் மாமன் சீர் வந்துவிட்டது. தட்டுத் தட்டாகத் தேங்காய், பழம், சேலை, பூ. எல்லாவற்றுக்கும் முன்னால் பொன்னுசாமி அண்ணனும் பங்காளிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பித்தளைக் குடத்தைத் தோளில் வைத்து வந்தார்கள். குடங்களின் வாயில் மாவிலை செருகியிருந்தது. பந்தலுக்கு நடுவில் மணைக்குப் பக்கத்தில் மூன்றையும் வரிசையாக இறக்கி வைத்தார்கள். சரசக்கா சிரித்துக்கொண்டே வந்து முதல் குடத்து மாவிலையை எடுத்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். எட்டிப் பார்த்தேன். சிவப்பு. வெளுத்த சிவப்புதான், தண்ணீரில் கரைந்து, கரைந்து வந்தது. நான் உரிக்கச் சொன்ன இரண்டாவது சாயம் போலவே நீலம் குறைந்தது. கோர்ட்டில் ஏறிச் சத்தியம் செய்ய என்னால் முடியாது, ஆற்றோரம் முழுக்கப் பட்டறை, எத்தனையோ சிவப்பு. ஆனால் அந்த நிறத்தை நான் அதற்கு முந்தின வாரம் முழுக்க விளக்கு மாற்றி மாற்றிப் பார்த்திருந்தேன்.

மேளம் நின்றது. பொன்னுசாமி அண்ணன் தங்கை வீட்டுக்காரருக்கு முன்னால் போய்க் கைகூப்பினார்.

"மொறைக்குக் கொண்டாந்தேனுங்க மாப்ள. நம்ம கெணத்துத் தண்ணிங்க. இப்ப இப்படித்தானுங்க வருது."

"என்னங்க மச்சான் இது, நாலு பேரு இருக்கற எடத்துல?" சின்னச்சாமியின் குரல் அப்போதும் உயரவில்லை. "வேற எடத்துல புடிச்சுட்டு வந்திருக்கலாமில்லீங்க?"

"வேற கெணத்துத் தண்ணி கொண்டாந்தா மொறை தப்பிப்போயிருமுங்க."

அவ்வளவுதான் பேசினார். ஒரு சொல் தடிக்கவில்லை. குரல் உயர்த்தக் கூடாத வீட்டிலிருந்து வந்தவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சடங்கு செய்துவைக்க வந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் ஒரு பெண், "தொட்டியில லாரித் தண்ணி இருக்குதில்ல, அதை எடுத்து ஊத்துங்க, நேரமாவுது" என்றாள். சின்னச்சாமி அதற்குத்தான் காத்திருந்தவர் போலத் தலையாட்டினார். சரசக்கா நகரவில்லை.

"ஏனுங்க, இதைப் புள்ள தலையில ஊத்தட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சரசு, உள்ள போ."

"நீங்க போட்ட சாயந்தானுங்க. ஊத்தறதா வேண்டாமா?"

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா குடத்தைத் தூக்கினார். கணவர் மேல் ஊற்றிவிடப் போகிறார் என்று நான் பயந்தேன், உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். அவர் மணைக்குப் பக்கத்தில் நின்று தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். ஒரு குடம் முழுக்க. சந்தனப் பட்டு தோளிலிருந்து கீழே வரைக்கும் கறைகறையாகச் சிவந்தது. "மொறை தப்பக் கூடாதில்லீங்க" என்று சொல்லிவிட்டு, ஈரம் சொட்ட உள்ளே நடந்து போனார். கவிதா மணையில் உட்கார்ந்தபடி அழுதாள்.

பிறகு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? லாரித் தண்ணீரை ஊற்றினார்கள். மேளம் மறுபடியும் அடித்தது. அந்த லாரித் தண்ணீரும் வேறொரு ஊர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சியதுதான். பந்தி போட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். சாம்பார் நன்றாக இருக்கிறதென்று பேசிக்கொண்டார்கள். நானும் சாப்பிட்டேன். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அந்த இலையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சாயங்காலம் அக்கா மாடி ஏறி வந்தார். தலை இன்னும் காயவில்லை.

"அண்ணன் உங்ககிட்ட முன்னாடியே சொன்னாருங்களாமே?"

"சொன்னார்."

"எப்போங்க?"

"நாலைந்து மாதம் இருக்கும்."

"எங்கிட்ட ஏனுங்க அம்மணி சொல்லல? வாராவாரம் என்ற வண்டியிலதானே உக்காந்து வந்தீங்க?"

உங்கள் குடும்பத்துக்குள் சண்டை வரக் கூடாது என்று பார்த்தேன் அக்கா, என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சண்டை வந்திருந்தா கெணறு இருந்திருக்குமில்லீங்க" என்றார். கிணறு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு பட்டறையை மூடினால் ஆறு தெளிந்துவிடுமா? ஆனால் அவருக்குச் சண்டை போட ஒரு நாள் கிடைத்திருக்கும். அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஏதோ திருந்தியவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடும். திங்கட்கிழமை காட்டுச் செர்ரி மூன்றாம் தடவை என் மேசைக்கு வந்தது. பெட்டிக்குள் வைத்தேன். மூன்று விளக்கில் சரியாக இருந்தது, நான்காவது விளக்கில் ஒரு மயிரிழை மஞ்சள் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து ஃபேக்ஸ் வந்து மேசையில் கிடந்தது, நிறத்தில் சமரசம் கூடாது என்று. சின்னச்சாமி எதிரில் நின்றார். வெள்ளை வேட்டி. பேனா மூடியைக் கழற்றினேன். சரி என்று எழுதியிருந்தால் வேலை போயிருக்கலாம். போயிருந்தால்தான் என்ன, எனக்கு ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருந்தது. பொன்னுசாமி அண்ணனுக்கு எங்கே டிக்கெட்?

மறுசாயம் என்று எழுதினேன்.

"சரிங்க அம்மணி" என்று துணியை எடுத்துக்கொண்டு போனார். அதில் ஒரு கேலி இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருடக் கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அண்ணன் முதலில் மஞ்சளை விட்டார், அப்புறம் எருமைகளை விற்றார். தென்னைகள் குருத்திலேயே காய ஆரம்பித்ததும் வெட்டிப்போட்டார். கிணற்றை மண் கொட்டி மூடி நிலத்தை மனைகளாகப் பிரித்தவர் வேறு யாரோ. அண்ணன் அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குப் போனார் என்றும், கொஞ்ச காலத்தில் இறந்துபோனார் என்றும் கேள்விப்பட்டேன். சாவுக்கு நான் போகவில்லை. அவரைப் பற்றி வருத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம் என்றால் வருகிறது. நல்ல மனுஷர், நாலு பேர் முன்னால் குடத்தை இறக்கி வைத்தவர், ஒரே ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா?

இப்போது சுத்திகரிக்கிறார்கள், சட்டம் வந்துவிட்டது, பழைய மாதிரி இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். அட்டையில் அலை படம் போட்டால் மூடிய கிணறு திறக்குமா?

பனியன் வாங்கி வந்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சரசக்காவுக்குப் போன் செய்தேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பேசுவோம். உரக்கச் சிரிப்பது குறைந்துவிட்டது, டிவியோடு சண்டை போடுவது குறையவில்லை. கவிதாவின் மகளுக்குப் போன மாதம்தான் சீர் நடந்தது என்றார். கவிதாவின் மகள் என்றால், தாய் பிறந்த வீடு சரசக்காவின் வீடு. அந்த ஆற்றோர வீடு.

"தண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்மூட்டுல ஏதுங்க கெணறு? கடையில கேன் தண்ணி மூணு வாங்கிக் குடத்துல ஊத்தி, மாவெலை வெச்சு, எங்க பையன், கவிதா தம்பி, தூக்கிட்டுப் போனானுங்க. நல்லாப் பளிச்சுனு இருந்துச்சுங்க தண்ணி. ஒருத்தராவது இது எந்தக் கெணத்துத் தண்ணின்னு கேப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் கேக்கலீங்க."

குழந்தை நல்லா இருக்கட்டும் அக்கா, என்றேன். பேச வேண்டிய காலத்தில் பேசாதவள் இப்போது வேறு என்ன பேச?